அரசவைக் கிண்ணம் என்று 18,000 யுவானுக்கு என் தலையில் கட்டிய போலி

பெய்ஜிங்கில் வேலை பார்க்கும் நான், இங்குள்ள பழம்பொருள் கடையொன்றில் மூடியோடு கூடிய பீங்கான் தேநீர்க் கிண்ணத்தை 18,000 யுவானுக்கு வாங்கி ஏமாற்றப்பட்டிருக்கிறேன். சீனப் பீங்கானில் ஆசை உள்ளவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

சியான்லாங் பேரரசர் 1746-இல் இயற்றிய தேநீர்க் கவிதை, கிண்ணத்தின் வெளிப்புறத்தில் சிவப்பு எழுத்தில் ஓடுகிறது. பிளம் பூ, புத்தரின் கை எனப்படும் நாரத்தை வகைப் பழம், பைன் விதை ஆகிய மூன்றையும் பனி உருக்கிய நீரில் இட்டுத் தேநீராக்கி, புத்தாண்டையொட்டி அரண்மனையில் அமைச்சர்களுக்கு விருந்து வைத்து, குடித்த கிண்ணத்தையே பரிசாகக் கொடுத்தனுப்புவது அவர் காலத்து வழக்கம். இவ்வளவும் மெய்யான வரலாறு. பைன் விதை மிதக்கும் தேநீரை என் முன் வைத்து இதையெல்லாம் பிசகில்லாமல் சொன்ன கடைக்காரர், அப்படிப் பரிசு பெற்ற அமைச்சர் ஒருவரின் வீட்டிலிருந்து வந்தது இது என்று அதே குரலில் முடித்தபோது, சந்தேகிக்கத் தோன்றவில்லை. ரசீதில் ‘நவீன கைவினைப் பொருள்’ என்று எழுதினார். ஏன் என்று கேட்டதற்கு, 1911-க்கு முந்தைய பழம்பொருள்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருப்பதைச் சொன்னார். கிண்ணம் பெய்ஜிங்கிலேயேதான் இருக்கப்போகிறது என்றேன். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவோம் என்று சிரித்தார்.

வீட்டில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். தூரிகையால் எழுதியதென்றால் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போக வேண்டும். இதிலோ ஒவ்வோர் எழுத்தும் ஒரே அளவிலான சிவப்புப் புள்ளிகளின் கூட்டம். அச்சிட்ட படத்தை ஒட்டிச் சூளையில் சுட்டிருக்கிறார்கள். அடிவளையத்தின் பழங்காலப் பழுப்பு, ஈரத்துணியோடு வந்துவிட்டது.

முதலில் முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். பிறகு, புள்ளிகள் என் கைபேசிக் கேமராவின் கோளாறு என்றார்கள். நேரில் போனால், தேநீர் ஊற்றிக் கொடுத்த அதே மனிதர் முகம் தெரியாதவர்போல் ரசீதை நீட்டி, நவீனப் பொருள் என்று சொல்லித்தானே விற்றோம் என்கிறார். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் அச்சு அசலாக இன்னொரு கிண்ணம்! 18,000 யுவானில் ஒரு யுவான்கூடத் திரும்பவில்லை. இப்போது என் அழைப்புகளையும் தடுத்துவிட்டார்கள்.

பணம் கொடுக்குமுன் உருப்பெருக்கியால் பாருங்கள். அடியிலுள்ள சியான்லாங் முத்திரை எதற்கும் சான்றாகாது, அதையும் அச்சிடுகிறார்கள். கடையே தரும் சான்றிதழை நம்ப வேண்டாம். வாயால் சொன்ன காலத்தை ரசீதில் எழுத மறுத்தால், ஊற்றிய தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.