மோட்டோரோலா ஜிஎம்300: பழைய வண்டி ரேடியோவை ஹாம் அலைவரிசைக்குக் கொண்டுவரலாமா?

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய மின்னணுக் கருவிகளை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் கடையில், மூன்று ஜிஎம்300 வண்டி ரேடியோக்கள் (வண்டியில் பொருத்திப் பேசவும் கேட்கவும் உதவும் இருவழி ரேடியோக்கள்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. "சார், மேல இருக்கறது மட்டும் சத்தமே வராது, வேணும்னா கொறச்சுப் போட்டுத் தர்றேன்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு எடுத்து வந்து 13.8 வோல்ட் பவர் சப்ளையில் இணைத்தபோது முன்பலகை விளக்கு எரிந்தது, சேனல் எண்ணும் தெரிந்தது, ஆனால் அவர் சொன்னபடியே ஒலி மட்டும் வரவில்லை. காரணம் பழுது அன்று. இந்த ரேடியோவின் பின்புறம் இருக்கும் 16 முள் இணைப்பானில் 15, 16 ஆகிய இரண்டு முள்களும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால்தான் உள் ஸ்பீக்கருக்கு ஒலி செல்லும். வண்டியிலிருந்து கழற்றியவர்கள் அந்த இணைப்பு இருந்த பிளக்கையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டு அங்குலக் கம்பி ஒன்றை இருபுறமும் உரித்து அந்த இரு முள்களுக்கும் இடையே செருகியவுடன், ஸ்பீக்கரிலிருந்து இரைச்சல் அறையை நிறைத்தது. ஊமையாகக் கிடக்கும் ஜிஎம்300 எதைக் கண்டாலும் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள்.

1990-களில் உலகெங்கும் வணிக வண்டிகளில் பொருத்தப்பட்ட இந்த மாடலை ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்கள், இன்றும் தேடி வாங்குவதற்கு அதன் ரிசீவர்தான் முதன்மையான காரணம். என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் நான்கு செல்பேசிக் கோபுரங்கள் தெரியும். அங்கே கையடக்க ரேடியோவை வெளி ஆன்டெனாவில் இணைத்தால், வலுவான பிற சமிக்ஞைகள் உள்ளே புகுந்து, கேட்க வேண்டிய நிலையத்தை விழுங்கிவிடுகின்றன. அதே ஆன்டெனா, அதே கேபிள், அதே மாலை நேரத்தில் ஜிஎம்300-ஐ இணைத்தபோது அந்தத் தொல்லை முற்றிலும் மறைந்து, தொலைவில் உள்ள ரிப்பீட்டரின் (சமிக்ஞையை வாங்கி மீண்டும் அனுப்பும் நிலையத்தின்) குரல் இரைச்சல் கலக்காமல் தெளிவாக ஒலித்தது. ஒரே கூரையில் பல நிறுவனங்களின் ஆன்டெனாக்கள் நிற்கும் சூழலில் உழைப்பதற்கென்று வடிவமைக்கப்பட்ட கருவியிடம் எதிர்பார்க்க வேண்டியதும் இதுவே.

வாங்கும் முன் மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டியது அதன் அலைவரிசை வீச்சு. விஎச்எஃப் (மிக உயர் அலைவரிசை) ஜிஎம்300-ல் 136 முதல் 162 மெகா ஹெர்ட்ஸ் வரை செல்லும் வகை ஒன்று, 146 முதல் 174 வரை செல்லும் வகை மற்றொன்று. அமெரிக்க ஹாம்களுக்கு இரண்டு மீட்டர் அலைவரிசை 144 முதல் 148 வரை இருப்பதால், அவர்கள் இரண்டாவது வகையையும் தயங்காமல் வாங்குகிறார்கள். அவர்கள் எழுதும் குறிப்புகளும் "மாற்றம் எதுவும் தேவையில்லை" என்றே சொல்கின்றன. இந்தியாவில் நமக்கு அனுமதிக்கப்பட்டிருப்பதோ 144 முதல் 146 வரை மட்டும். அதாவது, இரண்டாவது வகை தொடங்கும் இடத்தில் நம் அலைவரிசை முடிந்துவிடுகிறது. நான் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் 146–174 வகை ஒன்றை வாங்கி, கணினியில் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே எண்களைத் தட்டி, வரம்புக்குக் கீழான அலைவரிசைகளை ஏற்றும் பழைய உத்தியால் 145.150-ஐ உள்ளே ஏற்றினேன். இரவில் அது ஒழுங்காக இயங்கியது. மதிய வெயிலில் கதவடைத்து நிறுத்திய காரில் ஏறி மைக்கை அழுத்தினால், உள்ளிருக்கும் அலையாக்கி (அலைவரிசையை உருவாக்கும் பகுதி) சரியான அலைவரிசையில் நிலைகொள்ளாமல், அனுப்பவே மறுத்தது. வடிவமைப்பு எல்லைக்கு வெளியே ஓடும் கருவி வெப்பநிலைக்கு ஏற்ப மனம் மாறும் என்பதால், 136–162 வகை கிடைக்கும்வரை காத்திருப்பதே நல்லது. மாடல் எண்ணில் எம் என்ற எழுத்தை அடுத்து வரும் இரண்டாவது இலக்கம் 3 என்றிருந்தால் விஎச்எஃப், 4 என்றிருந்தால் அதைவிட உயர்ந்த யூஎச்எஃப்; ஆனால் எந்த வீச்சு என்பதைக் கணினியில் இணைத்துப் படித்து உறுதி செய்துகொண்டு வாங்குவதே பாதுகாப்பு.

சேனல் இடைவெளியையும் கேட்டு வாங்குங்கள். 12.5 கிலோ ஹெர்ட்ஸ் வகையின் வடிகட்டி குறுகலானது. நம்மவர்கள் வழக்கமாகப் பேசும் 5 கிலோ ஹெர்ட்ஸ் விலகலை (குரலுக்கேற்ப அலைவரிசை நகரும் அளவை) அது தாங்காமல் உரத்த குரல்களை நசுக்கிவிடும். 25 கிலோ ஹெர்ட்ஸ் வகையே நமக்கு ஏற்றது.

நிரல் ஏற்றும் வேலைதான் பலரைப் பின்வாங்க வைக்கிறது. இதற்கான மென்பொருள் டாஸ் காலத்தது. வேகமான கணினியில் ஓடாது, யூஎஸ்பி மாற்றிகளோடும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. உண்மையான சீரியல் போர்ட் கொண்ட பழைய 486 கணினி ஒன்றும், கணினியையும் ரேடியோவையும் இணைக்கும், ரிப் பெட்டி என்று ஹாம்கள் அழைக்கும் இடைமுகமும், முன்புற மைக் சாக்கெட்டில் செருகும் கேபிளும் இருந்தால் போதும். ஒவ்வொரு முறையும் முதலில் ரேடியோவில் இருப்பதைப் படித்துத் தனிக் கோப்பாகச் சேமித்து வையுங்கள். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு ஒன்றே கைகொடுக்கும். சேமித்த பிறகு, பழைய உரிமையாளரின் சேனல்கள் அனைத்தையும் அழித்துவிடுங்கள். அவை இன்றும் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளாக இருக்கக்கூடும்; தவறுதலாகக்கூட அவற்றில் மைக்கை அழுத்தும் உரிமை நமக்கில்லை. ஹாம் உரிமம் இல்லாதவர்கள் இதை வாங்கி வைத்துக்கொள்ள நினைப்பதும் சரியன்று. தேர்வு எழுதி, தொடக்கநிலை உரிமத்துக்கான வியூ3 அழைப்புக் குறியாவது பெற்ற பிறகு கடைக்குச் செல்லுங்கள்.

என் பதினாறு சேனல்களில் எனக்கு மிகவும் பிடித்தது 145.990, உடன் 67 ஹெர்ட்ஸ் டோன் (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த ஒலி). சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள குரல் ரிப்பீட்டருக்கு நாம் அனுப்பும் மேலேற்ற அலைவரிசை அது. நிலையம் தலைக்கு மேல் விரையும்போது டாப்ளர் விளைவால் ஏற்படும் மாற்றம் இந்த அலைவரிசையில் மூன்றரை கிலோ ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால், சேனலை மாற்றிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. அங்கிருந்து வரும் கீழிறக்கம் 437.800 என்பதால் அதைக் கேட்க மட்டும் வேறொரு ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

தரவுப் பரிமாற்றத்துக்கும் இது அருமையான கருவி. பின் இணைப்பானில் 3-ஆவது முள்ளைத் தரையோடு சேர்த்தால் ரேடியோ அனுப்பத் தொடங்கும், 7 தரை, 11-இல் வரும் ஒலியை மோடத்துக்குக் கொடுக்கலாம், 5-இல் மோடத்தின் ஒலியைச் செலுத்தலாம். மேல் மூடியைக் கழற்றினால் பலகையில் ஜேயு551 என்று அச்சிட்ட இடத்தில் ஒரு சிறிய ஜம்பர் தெரியும். அதைச் சாமணத்தால் எடுத்து அடுத்த நிலைக்கு மாற்றிச் செருகினால், 11-ஆவது முள்ளில் வடிகட்டப்படாத ஒலி கிடைக்கிறது. 9600 வேகத்துக்கு அதுதான் வேண்டும். சாலிடரிங் அயர்னைத் தொடாமலே முடியும் வேலை இது.

குறைகளும் உண்டு. முகப்பில் அலைவரிசை தெரியாது, சேனல் எண் மட்டுமே தெரியும். விரும்பியபடி அலைவரிசைகளில் உலாவிக் கேட்பவர்களுக்கு இது சில நாட்களிலேயே சலித்துவிடும். வெளியூருக்குக் காரில் செல்லும்போது அங்குள்ள ரிப்பீட்டரை உடனே ஏற்றவும் வழியில்லை. 45 வாட் வகை அனுப்பும்போது சுமார் 10 ஆம்பியர் இழுப்பதால், மெலிந்த கம்பியும் மலிவான பவர் சப்ளையும் உதவாது. மேலும், பெரும்பாலான நேரம் கேட்டுக்கொண்டிருந்து, இடையிடையே சில விநாடிகள் மட்டும் பேசும் வண்டிப் பயன்பாட்டுக்காகவே இதன் வெப்பத்தகடு அளவிடப்பட்டிருக்கிறது. இடைவிடாமல் அனுப்ப வேண்டிய வேலைக்கு வைத்தால் சக்தியை 15 வாட் அளவுக்குக் குறைத்து, பின்புறம் ஒரு சிறிய விசிறியையும் பொருத்த வேண்டும்.

நான் அந்த எச்சரிக்கையோடுதான் சென்ற மாதம் அதே கடைக்குத் திரும்பிச் சென்று, அடுக்கில் மீதமிருந்த இரண்டில் 136–162 வகையாக இருந்த ஒன்றையும் வாங்கி வந்தேன். ஒன்று கேட்க, மற்றொன்று அனுப்ப, இரண்டின் முதுகுகளையும் இணைக்கும் ஒரு கேபிள்: எங்கள் பகுதிக்கான ரிப்பீட்டரின் இதயம் இப்போது என் மேசைமேல் சோதனையில் இருக்கிறது.