கொடைக்கானலில் ‘ஏர்போர்ட் ஷேர் வண்டி’ என்று விற்கிறார்கள். விமான டிக்கெட் கையில் இருந்தால் ஏறாதீர்கள்

ஏரிக்குப் பக்கத்துத் தெருக்களில் குறைந்த வாடகை விடுதிகளில் தங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரவேற்பு மேசையில் ஒரு அட்டை வைத்திருப்பார்கள்: மதுரை ஏர்போர்ட் ஷேர் வண்டி, தலைக்கு 900 ரூபாய். அதை நம்பித்தான் நான் கொழும்பு விமானத்தைக் கோட்டைவிட்டேன். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கி, 187ஆம் எண் பஸ்ஸில் கொழும்பு கோட்டைக்குப் போய், பக்கத்திலுள்ள புறக்கோட்டையில் ஒரு டார்மிட்டரி கட்டிலில் தூங்கி, மறுநாள் காலை இலங்கை மலைநாட்டுக்குப் போகும் பதுளை ரயில் ஏறுவதாக இருந்தது. அன்றிரவு நான் தூங்கியது மதுரை ஆரப்பாளையத்தில், ஒரு லாட்ஜில், கொசுக்களோடு.

முந்தின நாள் மாலை விடுதி மேலாளர் மிகவும் பணிவாகத்தான் பேசினார். “காலை ஆறு மணிக்கு வண்டி வாசலில் நிற்கும் சார். பத்தரைக்கெல்லாம் ஏர்போர்ட்டில் இருப்பீர்கள்.” வண்டி எண் கேட்டேன். காலையில் மெசேஜ் வரும் என்றார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் விடுதியின் பெயர் போட்ட க்யூஆர் அட்டை இருந்தது. ஸ்கேன் செய்தால் செல்போனில் வந்தது வேறு யாரோ ஒரு தனி மனிதரின் பெயர். “நம் ஏஜென்ட்தான் சார்” என்றார். கையில் கொடுத்தது ரோஸ் நிறத்தில் விசிட்டிங் கார்டு அளவுக்கு ஒரு துண்டுச் சீட்டு. அதில் ‘ஏர்போர்ட் 1, ரூ. 900’ என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது. முத்திரை, தேதி, வண்டி எண் எதுவும் கிடையாது.

ஆறு மணி வண்டி ஏழே முக்காலுக்கு வந்தது. வெள்ளை நம்பர் பலகையில் கறுப்பு எழுத்து, அதாவது சொந்த உபயோகத்துக்கான வண்டி. வாடகைக்கு ஓட மஞ்சள் பலகையும் பெர்மிட்டும் வேண்டும். இது ஏதோ சட்டப் புத்தகச் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். சொந்த வண்டியைக் கூலிக்கு ஓட்டி விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க அதுவே போதும். என் மூட்டையை அதற்குள் மேலே ஏற்றிக் கட்டியாகிவிட்டது. பிறகு நாயுடுபுரம், அட்டுவம்பட்டி என்று ஊரைச் சுற்றி ஆள் பொறுக்கினார்கள். பெருமாள்மலையைத் தாண்டும்போது ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டது.

தாண்டியதும் ஒரு கடை. சாக்லேட், தைலம், தேன், மலைப்பூண்டு. “ஐந்து நிமிடம்தான், பாத்ரூம் போகிறவர்கள் போகலாம்” என்றார் டிரைவர். நாற்பது நிமிடம் நின்றது. பாத்ரூமுக்குக் கடையின் உள்வழியாகத்தான் போக முடியும். வாசலில் ஒரு பெண் நீள நோட்டுப் புத்தகத்தில் எங்கள் வண்டி எண்ணை எழுதி, நாங்கள் இறங்க இறங்கத் தலைகளை எண்ணி, பக்கத்துக் கட்டத்தில் எண்ணிக்கையைக் குறித்தார். எனக்கு முந்தின நாளிலிருந்து கிடைக்காத வண்டி எண் அந்த நோட்டில் பளிச்சென்று இருந்தது. டிரைவருக்கு டீயோடு ஒரு கவரும் வந்தது. நேரமாகிறது என்று சொன்னபோது, “கீழே இ-பாஸ் சோதனை நடக்கிறது, இப்போது போனாலும் அங்கேதான் நிற்க வேண்டும்” என்றார். சுத்தப் பொய். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) கேட்பது மலை ஏறி வருகிற வண்டிகளிடம். நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். அடுத்து டம்டம் பாறையில் இன்னொரு டீ. எலிவால் அருவி அன்று நன்றாகவே தெரிந்தது. பார்க்கிற மனநிலை யாருக்கும் இல்லை.

உண்மையான வேலை வத்தலக்குண்டில் நடந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரில் நிறுத்தி, இந்த வண்டி தேனிக்குப் போகிறது, மதுரைக்காரர்கள் எல்லாரும் பின்னால் நிற்கும் காரில் மாறிக்கொள்ளுங்கள் என்றார்கள். மூட்டைகள் தெருவில் இறங்கின. வேன் போய்விட்டது. கார் டிரைவர் கதவைத் திறக்கவில்லை.

“வேன்காரர் எனக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. தலைக்கு 400 கொடுத்தால் ஏறுங்கள். இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே இருக்கிறது.”

கொடைரோட்டில் ரயில் பிடிக்க வேண்டிய ஒரு வயதான அம்மா, “நேற்றே முழுப் பணமும் கொடுத்துவிட்டோமே தம்பி” என்று அந்தத் துண்டுச் சீட்டை நீட்டினார். கார் டிரைவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் என் வண்டி நம்பர் இருக்கிறதா அம்மா?” என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. மொத்தச் சூழ்ச்சியும் அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. பணம் வாங்கியவர் ஒருவர், வேன் ஓட்டியவர் ஒருவர், கார் வைத்திருப்பவர் ஒருவர். யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கைகாட்டலாம். மேலாளருக்குப் போன் செய்தேன். “பெரிய வண்டிக்கு மலையில் தடை சார், அதனால் கீழே மாறித்தான் ஆக வேண்டும்” என்றார். 2024 நவம்பரில் வந்த அந்தத் தடை 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு. நாங்கள் வந்ததோ முழங்கால் மடக்க இடமில்லாத வேன்.

அந்த அம்மாவும் நானும் அரசு பஸ்ஸில் ஏறினோம். அவர் கொடைரோட்டில் இறங்கிக்கொண்டார். ஆரப்பாளையத்திலிருந்து ஆட்டோவில் விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது கவுண்ட்டரை மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது. பன்னாட்டு விமானத்துக்குப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவது வழக்கம். விமானம் கண்ணெதிரே நின்றாலும் பயனில்லை. என்னுடையது ஆக மலிவான டிக்கெட். ரத்து செய்தால் பணம் வராத வகை. அதோடு புறக்கோட்டைக் கட்டிலும் பதுளை ரயில் இருக்கையும் போயின.

கொடைக்கானல் பஸ் நிலையத்திலிருந்து மதுரைக்கு நேரடி அரசு பஸ்கள் உண்டு. அது கிடைக்காவிட்டால் வத்தலக்குண்டுவரை போய் அங்கே மாறலாம். 900 ரூபாயில் கால் பங்குகூட ஆகாது. சாக்லேட் கடையில் நிற்காது. வரிசையில் நிற்பது அலுப்புதான், மூட்டையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியும் வரலாம். மறுநாள் காலை விமானம் என்றால் முந்தின நாளே இறங்கி மதுரையில் தங்கிவிடுங்கள். பெரியார் பஸ் நிலையத்திலிருந்து விமான நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வண்டியில்தான் போக வேண்டும் என்பவர்கள், மஞ்சள் பலகை வண்டியின் எண்ணும் டிரைவரின் செல்போன் எண்ணும் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள். “காலையில் மெசேஜ் வரும்” என்றால் பணமும் காலையில் வரும் என்று சொல்லிவிடுங்கள்.

விடுதிக்காரர்கள் இப்போது 900 ரூபாயைத் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். விமான டிக்கெட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், நாங்கள் மேசையில் இடம் மட்டும்தான் கொடுத்தோம் என்கிறார்கள். நான் வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. இதே ரோஸ் சீட்டு உங்களிடமும் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். பணம் போன யுபிஐ பெயரோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.