அலவன்ஸா, சம்பளமா? பியர் பணியாளர் விஷயத்தில் நாங்கள் எடுத்த முடிவு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் பகல்நேர மையம் நடக்கிறது. மனநல வார்டிலிருந்து வீடு திரும்பியவர்கள் வந்து போகும் இடம். பாதிப் பேருக்கு மேல் தமிழர்கள். மூன்று வருடத்துக்கு முன், நோயைத் தாங்களே அனுபவித்து மீண்டவர்களை வேலைக்கு வைக்கலாம் என்று முடிவு செய்தோம். பியர் பணியாளர் என்கிறார்கள். யோசனை ஒன்றும் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாரிஸில் ஒரு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் குணமான நோயாளிகளைத் தேடிப்பிடித்து வேலை கொடுத்திருக்கிறார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1999இல் இந்த வேலைக்கு அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்தே பணம் வந்தது. பக்கத்தில் சிங்கப்பூரில் 2016இல் இதற்கென்று பயிற்சித் திட்டம் தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் முன்னால் இருந்த கேள்வி சின்னது. வரும் நாளுக்கு முப்பது வெள்ளி அலவன்ஸ் கொடுத்துத் தொண்டூழியராக வைப்பதா, ஓய்வுக்காலச் சேமநிதியும் சொக்சோ என்ற தொழிலாளர் காப்பீடும் கட்டிப் பகுதிநேர ஊழியராக எடுப்பதா? முதல் வருடம் அலவன்ஸ். அப்புறம் சம்பளத்துக்கு மாறினோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஒளிக்க ஒன்றுமில்லை.

அந்தப் பணத்துக்கு இன்னொரு கவுன்சலர் எடுக்கலாமே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். அது வேறு வேலை. 1998ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டப்படி, பதிவு செய்யாதவர் கவுன்சலர் என்று பெயர் போட்டுக்கொள்ளவே முடியாது. எங்கள் பியர் அண்ணனின் பெயர் அட்டையிலும் அந்தச் சொல் வராமல் பார்த்துக்கொள்கிறோம்.

அவர் என்ன செய்கிறார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். குளோசபின் என்ற மனநோய் மருந்து சாப்பிடும் ஒரு பையன் மாத்திரையை நிறுத்திவிட்டான். ஏன் என்று தாதி கேட்டார், அம்மா கேட்டார், நான் கேட்டேன். வாய் திறக்கவில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பி, காலையில தலையணை நனைஞ்சிருக்கா?” என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த மருந்துக்கு இரவில் எச்சில் வழியும். தம்பியோடு ஒரே அறையில் படுக்கும் பையனுக்கு அது வெட்கம். “எனக்கும்தான். துண்டு விரிச்சுப் படுப்பேன். டாக்டர்கிட்ட சொல்லு, அதுக்கும் வழி இருக்கு.” அவ்வளவுதான். அடுத்த அப்பாய்ன்மெண்டுக்குப் பையன் தானே போய்ச் சொன்னான். எந்தப் படிப்பாலும் இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்காது.

தொண்டூழிய முறையின் நன்மைகள் எல்லாருக்கும் தெரிந்தவை: செலவு குறைவு, தாள் வேலை இல்லை, வாரம் ஒருநாள்தான் முடியும் என்பவருக்கும் இடம் உண்டு. கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொலைபேசி ஆறுதல் சேவை 1970 முதல் தொண்டூழியர்களை வைத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களின் குறைக்குக் காது கொடுத்து வருகிறது. ஆனால் அங்கே போனை வைத்தால் பேச்சு முடிந்தது. கேட்பவர் தன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. பியர் பணியாளருக்குத் தன் கதைதான் கையில் இருக்கும் கருவி. அதோடு இது பினாங்கு, வேலை நேரம் முடிந்தாலும் வெளியே சந்திக்காமல் இருக்க முடியாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில், பால்குடத்தோடு நிற்கும்போதே, “அண்ணே, மருந்து முடிஞ்சிருச்சு” என்று ஒருவர் கையைப் பிடிப்பார்.

இனி எங்களை மாற்றிய விஷயம். ஆளைச் சேர்ப்பது சுலபம், வைத்துப் பராமரிப்பதுதான் பாடு. முதல் வருடம் எங்களிடம் வந்த ஒரு அக்கா நல்ல திறமைசாலி. ஒருநாள் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. தொண்டூழியர்தானே, வேலை இருந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். மூன்றாவது வாரம்தான் தெரிந்தது, வார்டில் இருந்திருக்கிறார். இரவு இரண்டு மணி வரை வாட்ஸ்அப்பில் இருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம். யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்று எங்களுக்கும் தெரியவில்லை. தப்பு முழுக்க எங்களுடையது.

ஊழியர் என்றால் இது நடக்காது என்று சொல்லவில்லை. நடந்தால் ஒரு வழி இருக்கிறது. வராவிட்டால் அன்றே போன் போகும். எம்சி உண்டு. முழுநேர ஊழியருக்கு முதல் இரண்டு வருடங்களில் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, வார்டில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை என்கிறது நம் வேலைச் சட்டம். பகுதிநேரத்தாருக்கும் மருத்துவ விடுப்பு உண்டு. நோய் திரும்புவது இந்த வேலையில் வெட்கப்படும் விஷயமல்ல, கணக்கில் முதலிலேயே எழுதி வைக்கும் செலவு.

அந்தக் கணக்கில் சம்பளத்துக்கு அடுத்த பெரிய செலவு மேற்பார்வை. ஓய்வுபெற்ற மனநலத் தாதி ஒருவர் வியாழன்தோறும் வருகிறார். ஒருமணி நேரம். நோயாளிகளைப் பற்றி அரைமணி, பணியாளர்களைப் பற்றி அரைமணி: தூங்கினீர்களா, யார் கதை மனதில் ஒட்டிக்கொண்டது, யாருக்கு நம்பர் கொடுத்தீர்கள். இப்போது ஆபீஸ் போன் தனி, ஆறு மணிக்கு அணைத்துவிடுவோம். ஒருவரை மட்டும் வைப்பதில்லை, இருவராகத்தான். தனியாக இருப்பவர் சீக்கிரமே ஆபீசின் கடைநிலை ஆளாகி, தே தாரிக் வாங்கப் போய்க்கொண்டிருப்பார். இதுவும் எங்களிடம் நடந்ததுதான். ஜார்ஜியாவைப் பார்த்து மற்ற மாநிலங்கள் தொடங்கியபோது, 2007இல் அமெரிக்க மத்திய அரசு போட்ட நிபந்தனைகளிலும் மேற்பார்வை ஒன்று. பயிற்சியும் சான்றிதழும் மட்டும் போதாது என்று அவர்களும் கண்டிருக்கிறார்கள்.

சம்பளத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. “தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்” என்று, பெரிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி உறவுக்காரர்கள் ஒதுக்கி வைத்த அண்ணன், சம்பளச் சீட்டைக் காட்டி மோட்டார் சைக்கிள் கடன் வாங்கினார். பகுதிநேரச் சம்பளம்தான், 2025இல் வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதியை ஒட்டி. ஆனாலும் அலவன்ஸ் கவரை எந்தக் கடையில் நீட்ட முடியும்?

எங்கள் அனுபவம் இரண்டு ஊழியர், ஒரு மாடி. பெரிய மருத்துவமனை வார்டில், டாக்டரும் தாதியும் நூறு பேர் இருக்கும் இடத்தில் இது எப்படிப் போகும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். போதைப்பழக்க மறுவாழ்வு இல்லங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம்.

கையில் ஆறு மாதப் பணம்தான் இருக்கிறது என்றால் சம்பள வேலை கொடுத்துப் பாதியில் பறிக்காதீர்கள். தொண்டூழியர்களையே வையுங்கள், மிச்சப் பணத்தை வியாழக்கிழமைத் தாதிக்குக் கொடுங்கள். முதல் வருடம் நாங்கள் அந்தப் பணத்தில் சுவருக்குச் சாயம் அடித்தோம்.