மணிக்கு எத்தனை மில்லி? ஒரு யூரோமீட்டர் பை பற்றி

வேலூர் ஆற்காடு ரோட்டு சர்ஜிகல் கடைகளில் கேட்டால் கிடைக்கும் யூரோமீட்டர் இது, அதாவது சிறுநீர்க் குழாயோடு இணைத்து மணிக்கு மணி சிறுநீரை அளக்கும் பை. 500 மில்லி அறை, அதற்குக் கீழே 2,000 மில்லி பை. சாதா யூரோபேக்கை (சிறுநீர் சேரும் பை) விடப் பல மடங்கு விலை. வார்டுக்கு வேண்டாம், ஐசியூவில் ஆய்வு நடத்துகிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

காரணம் இதுதான். கேடிகோ (KDIGO) என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டி அமைப்பின் 2012 வரையறைப்படி, ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லிக்கும் குறைவாக 6 மணி நேரம் சிறுநீர் போனாலே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பின் முதல் நிலை. 50 கிலோ ஆளுக்கு அது மணிக்கு 25 மில்லி. சாதா பையில் 100 மில்லிக்கு ஒரு கோடுதான் இருக்கும். அதனால்தான் சார்ட்டுகளில் 30, 40, 30, 50 என்று எண்கள் பத்துப் பத்தாக உருண்டு நிற்கின்றன. 23 போன மணிகளில் 30 என்று எழுதினால், பாதிக்கப்பட்டவர் ஆய்வுக் கணக்கில் ஆரோக்கியமானவர் ஆகிவிடுவார். கண்ணாடி விரியன் கடித்து வருகிறவருக்கும், குடல் ஓட்டைக்கு அவசர ஆபரேஷன் முடிந்து வருகிறவருக்கும் அந்த 7 மில்லிதான் விஷயமே.

இந்த மீட்டரில் முதல் குறுகிய தடுப்பில் 40 மில்லி வரை மில்லிக்கு மில்லி கோடு. அதற்கு மேல் 5 மில்லிக்கு ஒன்று. அச்சு கருநீலம் என்பதால், சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் பின்னாலிருந்து டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

பெரிய தொல்லை குழாயில். தேவைக்கு மேல் நீளம். அது தொய்ந்து தொங்கினால் சிறுநீர் வளைவிலேயே தங்கும், காற்றும் அடைத்துக்கொள்ளும். இந்த மணிக்கு 5, அடுத்த மணிக்கு 60 என்று வரும். சிறுநீர் போக வைக்கும் லாசிக்ஸ் மருந்து வேலை செய்துவிட்டதாகச் சிலர் சந்தோஷப்படுவார்கள்! விரிப்போடு கிளிப் போட்டு, குழாயை நேராக இறக்குங்கள். குறிப்பதற்கு முன் வளைவைத் தூக்கி வடிய விடுங்கள்.

அறையின் உச்சியில் காற்று வடிகட்டி உண்டு. அது நனைந்தால் வால்வைத் திறந்தாலும் சிறுநீர் பைக்குள் இறங்காது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து மாற்றும்போது மீட்டரை நோயாளியின் கால்மாட்டில் கிடத்துவதால் வருகிற வினை. தூக்குமுன் அறையைக் காலி செய்து, குழாயைக் கிளாம்ப் செய்து, படுக்கையில் சேர்த்ததும் திறந்துவிடுங்கள். நனைந்த வடிகட்டியை ஊசியால் குத்தாதீர்கள், கிருமிக்கு வழிவிட்டதாகிவிடும். பையையே மாற்றுங்கள்.

டிரிப் செட்டில் வரும் பியூரெட்டை (கோடு போட்ட அளவுக் குழாய்) ஒட்டுப்போட்டு அளப்பவர்களும் உண்டு. அளவு சரியாகவே வரும். ஆனால் கூடுதல் இணைப்பு ஒவ்வொன்றும் கழன்றுகொள்ளும் இடம்.

கொக்கி ஏமாற்றம். தடித்த கட்டில் சட்டத்தில் மாட்டவில்லை. காஸ் துணியால் கட்டினால் மீட்டர் சாய்ந்து, 40 நிரம்பும் முன்பே அடுத்த தடுப்புக்கு வழிந்துவிடுகிறது. பெட்டிக் கணக்கில் வாங்குமுன் ஒன்றை உங்கள் கட்டிலில் மாட்டிப் பாருங்கள்.