ஃப்ரீபிஎஸ்டி: பக்கேஜா, போர்ட்ஸா? மட்டக்களப்பு லப்டொப்புக்கு எது தோது

ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச ஒப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு சொப்ட்வெயாரை இரண்டு விதமாகப் போடலாம். ஏற்கனவே கொம்பைல் பண்ணி (சோர்ஸை மெசினில் ஓடும் புரோகிராமாக மாற்றி) வைத்திருக்கும் பக்கேஜை 'பிகேஜி' என்ற கட்டளை கொண்டு இறக்குவது ஒன்று. 30,000க்கு மேற்பட்ட சொப்ட்வெயார்களின் செய்முறைகள் கிடக்கும் போர்ட்ஸிலிருந்து சோர்ஸை எடுத்து நாமே கொம்பைல் பண்ணுவது மற்றது.

களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ 4 ஜிபி ரேம் மெசினோடு இருப்பவர் பக்கேஜையே போடுங்கள். 'பிகேஜி அப்கிரேட்' கட்டளையோடு பெரிய எஃப் சேர்த்தால் ஃபைல்களை இறக்கி மட்டும் வைக்கும். அதை இரவு டேட்டாவில் முடித்துவிட்டு விடிந்தபின் இன்ஸ்டால் பண்ணலாம்.

நாமே கொம்பைல் பண்ணினால் மெசின் பறக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அன்றாட வேலையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. போர்ட்ஸின் உண்மையான பெறுமதி ஒப்ஷன்களில், அதாவது எந்த வசதியைச் சேர்ப்பது என்ற தெரிவில்தான் இருக்கிறது. கலியாண வீடியோ எடிட் பண்ணும் ஸ்டூடியோவுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ, ஓடியோ மாற்றும் சொப்ட்வெயாரில் எஃப்டிகே-ஏஏசி என்ற ஓடியோ என்கோடர் வேண்டும் என்று வையுங்கள். அதன் லைசன்ஸ் ஜிபிஎல் என்ற திறந்த மூல லைசன்ஸோடு ஒத்துப்போகாது. அதனால் பக்கேஜில் அது வராது, கொம்பைல் பண்ணியே ஆகவேண்டும்.

பெரும்பாலானோர் சறுக்குவது கிளையில், அதாவது போர்ட்ஸின் எந்தப் பதிப்பு வரிசையிலிருந்து எடுப்பது என்பதில்தான். பிகேஜி வழமையாகக் காலாண்டுக் கிளையிலிருந்து எடுக்கிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபரில் புதுக் கிளை பிறக்கும். சோர்ஸ் இறக்கும் 'கிட்' கருவியில் கிளை பெயர் சொல்லாமல் போர்ட்ஸை இறக்கினால் வருவது மெயின் என்ற வேறு கிளை. இரண்டையும் கலந்தால் புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரிகளின் பதிப்புகள் முட்டிக்கொண்டு, புரோகிராமைத் திறக்கும்போதே 'ஷெயார்ட் ஒப்ஜெக்ட் நொட் ஃபவுண்ட்' என்று நிற்கும். ஆகவே நடப்புக் காலாண்டுக் கிளையையே குறிப்பிட்டு எடுங்கள். டெப்த் 1 போட்டால் பழைய வரலாறெல்லாம் இறங்காது, டேட்டா மிச்சம்.

பிறகு மல்டிமீடியா அடைவுக்குள் எஃப்எஃப்எம்பெக்கிற்குப் போய் 'மேக் கொன்ஃபிக்'. நீலத்திரை வரும், ஸ்பேஸ் அடித்து எஃப்டிகேயை டிக் பண்ணுங்கள். அடுத்து 'மேக் இன்ஸ்டால்-மிஸ்ஸிங்-பக்கேஜஸ்'. இந்த ஒரு வரியைத் தவறவிடாதீர்கள். தேவைப்படும் மற்றவை எல்லாம் பக்கேஜாகவே வந்துவிடும், நாம் கொம்பைல் பண்ணுவது ஒன்றே ஒன்றுதான். இதை விட்டால் சின்னப் போர்ட் ஒன்றும் ரஸ்ட், எல்எல்விஎம் போன்ற மிகப் பெரிய கொம்பைலர் சொப்ட்வெயார்களையும் சோர்ஸிலிருந்து இழுத்துக்கொண்டு வரும். 4 ஜிபி தாங்காது, ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் இருக்கும் ஸ்வாப் நிரம்பி, சிஸ்டத்தின் மையமான கேர்னலே கொம்பைலரைக் கொன்றுவிடும். கடைசியாக 'மேக் இன்ஸ்டால் கிளீன்'.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் லப்டொப் கொதித்து சிபியு தானாகவே வேகத்தைக் குறைக்கும். மேக்கின் அமைப்புகள் இருக்கும் மேக் டொட் கொன்ஃப் ஃபைலில் 'மேக் ஜொப்ஸ் நம்பர்' (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) 2 என்று எழுதிவிடுங்கள், சூடும் குறையும், ரேமும் மிஞ்சும். மாரியில் பிரச்சினை வேறு: இடி மின்னலோடு கரண்ட் போகும். கொம்பைல் நடக்கும் வேர்க் அடைவு அப்படியே இருப்பதால் திரும்ப 'மேக்' அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் பாதி எழுதப்பட்ட ஒப்ஜெக்ட் ஃபைல் (கொம்பைலின் இடைத் துண்டு) ஒன்று கிடந்தால், துண்டுகளை இணைத்து லிங்க் பண்ணும்போது பிழை காட்டும். அப்போது 'மேக் கிளீன்' கொடுத்து முதலிலிருந்து தொடங்குவதே நல்லது.

முடிந்ததும் 'பிகேஜி லொக்' போட்டு எஃப்எஃப்எம்பெக்கைப் பூட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த அப்கிரேடில் 'ஒப்ஷன்ஸ் சேஞ்ச்ட்' என்று ஒரு வரி காட்டிவிட்டு, சாதாரண எஃப்எஃப்எம்பெக்கை மேலே போட்டுவிடும்; எஃப்டிகே போய்விடும். ஆனால் லொக்குக்கும் விலை உண்டு. எஃப்எஃப்எம்பெக் நம்பியிருக்கும் லைப்ரரிகளும் அதோடு அசையாமல் நிற்கும், அவற்றின் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. கிளை மாறும் ஒவ்வொரு காலாண்டிலும் லொக்கை எடுத்து, முழு அப்கிரேடையும் ஓடவிட்டு, போர்ட்ஸையும் அதே புதுக் கிளைக்கு மாற்றி, எஃப்எஃப்எம்பெக்கை மறுபடி கொம்பைல் பண்ணிப் பூட்டுங்கள். இடையில் பாதுகாப்பு அறிவித்தல் வந்தால் காலாண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். 'பிகேஜி ஓடிட்' அடித்தால் ஓட்டையுள்ள பக்கேஜ்களின் பெயரைச் சொல்லும்.

இப்படிப் பராமரிக்க ஒன்றிரண்டு போர்ட் என்றால் சரி. பத்தைத் தாண்டினால் கையால் செய்யாதீர்கள், ரேம் கூடிய ஒரு மெசினில் பூட்ரியேர் என்ற பக்கேஜ் கட்டும் கருவியை வைத்து உங்கள் ஒப்ஷன்களோடு பக்கேஜ் கட்டி, மற்ற மெசின்களுக்கு அங்கிருந்தே கொடுங்கள்.