ட்ரீம்காஸ்ட்: பழைய டிரைவா, எஸ்டி கார்டா?

ட்ரீம்காஸ்ட் என்ற வீடியோ கேம் பெட்டியைக் கைவிடுவதாக 2001 ஜனவரி 31 அன்று அதைத் தயாரித்த செகா அறிவித்தது. இன்று கைக்குக் கிடைக்கும் எந்தப் பெட்டிக்கும் ஏறக்குறைய 25 வயது. 200 மெகாஹெர்ட்ஸ் எஸ்எச்-4 சிப் இன்னும் அசராமல் ஓடும். முதலில் படுத்துக்கொள்வது ஆட்ட டிஸ்க்கைப் படிக்கும் ஜிடி-ராம் டிரைவ்தான். அதையே பராமரித்து ஓட்டுவதா, கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஜிடிஎமு என்ற மாற்று போர்டு போட்டு எஸ்டி கார்டிலிருந்து ஓட்டுவதா?

டெல்டாவில் இருப்பவருக்கு ஜிடிஎமுதான் சரி. வேகம், சத்தம் எல்லாம் சில்லறை விஷயம். பராமரிப்புதான் கணக்கு.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லென்ஸ் மேல் மெல்லிய படலம் படியும். தை அறுவடை முடிந்தால் வைக்கோல் தூசி வந்து டிரைவின் தண்டவாளக் கிரீஸோடு சேர்ந்து பசையாகும். லென்ஸ் வண்டி நகரத் திணறும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு லென்ஸை அழுத்தாமல் துடைத்து, பழைய கிரீஸை வழித்துப் புதிது தடவினால் சரியாகும். அடுத்த மழைக்கு மறுபடி அதே வேலை. சிலர் லேசர் பக்கத்துச் சின்னத் திருகைத் திருப்பி மின்னோட்டத்தைக் கூட்டுவார்கள். டிஸ்க் படிக்கும், லேசரின் ஆயுள் குறையும். மாற்று டிரைவ் வாங்கினாலும் அதுவும் அதே வயதுக் கிழம்தான். நெல் விளையும் ஊர் என்பதற்காக டிஸ்க்கை அரிசிப் பானைக்குள் வைக்காதீர்கள், தவிடு ஒட்டும். சிலிக்கா ஜெல்தான் சரி.

ஜிடிஎமு வாங்குமுன் பெட்டியின் அடி ஸ்டிக்கரில் வட்டத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் பெட்டிக்குள் இருப்பது விஏ1 வகை மதர்போர்டு, பொருந்தும். 0 என்றால் பொருந்தாது. மோடத்தைக் கழற்றினால் அதனடியில் ஒளிந்திருக்கும் திருகையும் எடுக்க வேண்டும். அதை மறந்து மூடியை நெம்பி உடைப்பவர்கள் உண்டு. சால்டரிங் வேலையே இல்லை: டிரைவின் சாக்கெட்டிலேயே போர்டு உட்காரும்.

தடுமாறுவது பெரும்பாலும் கார்டில். 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் வரும், அதை ஃபேட்32 ஃபார்மேட்டுக்கு மாற்ற வேண்டும். 01 என்ற ஃபோல்டர் மெனுவுக்கு, 02 முதல் ஆட்டங்கள். ஒரு கார்டில் ஐம்பது ஆட்டம் அளவுக்குக் கொள்ளும்.

குறையும் உண்டு. டிரைவைக் கழற்றியபின் பவர் போர்டின் 12 வோல்ட் லைனில் மின்சார இழுவை குறையும். அதற்கு ரெசிஸ்டர் போட வேண்டும் என்பார் சிலர், வேண்டாம் என்பார் சிலர். மலிவு நகல் போர்டுகள் பத்து வருஷம் தாங்குமா என்று உறுதி சொல்வதற்கில்லை.

எதை எடுத்தாலும் ஒன்று. ஆட்டத்தின் நடுவே பெட்டி தானாக ரீசெட் ஆனால் உடனே டிரைவைக் குறை சொல்லாதீர்கள். பவர் போர்டு உட்காரும் ஆறு பின்கள் ஈரத்தில் மங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் விட்டு, போர்டைத் தூக்கி, பின்களை ஆல்கஹாலால் தேய்த்தாலே பல பெட்டிகள் பிழைக்கும். ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகளை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகாதீர்கள், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

கழற்றிய டிரைவைக் காயலான் கடைக்குப் போடாமல் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். பின்னால் பெட்டியை விற்கும்போது அதையும் சேர்த்துக் கேட்பார்கள்.