கோயில்காட்டில் சீமைக்கருவேலம்: மொத்தமாக அழிப்பதா, கலைத்து எடுப்பதா?

கோயில்காட்டில் குச்சிகூட ஒடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. உசிலம்பட்டிக்குப் பெயர் தந்த உசிலை மரம் இடையபட்டி வெள்ளிமலையில் இன்றும் காடாக நிற்பது அப்படிப்பட்ட பயபக்தியால்தான். ஆனால் சீமைக்கருவேலம் உள்ளே புகுந்துவிட்ட காட்டை என்ன செய்வது? மேலூர்ப் பக்கம் நான் அடிக்கடி போகும் ஒரு சிறிய காட்டை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சாமி காடு என்று அப்படியே விட்டுவிடலாம். செலவில்லை, ஊரில் மனத்தாங்கலும் இல்லை. ஆனால் கட்டுப்பாடு அரிவாளைத்தான் தடுக்கும். நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் வரும் விதையைத் தடுக்காது. சீமைக்கருவேலத்தின் அடியில் ஓர் உசிலைக் கன்று வெளிச்சம் தேடிச் சோகைபிடித்து, நூலாக நீண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஜேசிபியை இறக்கினால் ஒரே வாரத்தில் வேலை முடியும். கண்மாய்க்கு அது சரி. காட்டுக்குள் விட்டால் சீமைக்கருவேலத்தோடு ஆத்தி, குரா போன்ற நாட்டு மரங்களும் சேர்ந்து போகும். புரட்டிய மண்ணில் புதைந்து கிடந்த விதைகள் அடுத்த மழைக்கே கிளம்பும். எல்லாவற்றையும்விட எனக்குப் பதறுவது தேவாங்கை நினைத்து. அது தாவாது, இரவில் கிளை பற்றிக் கிளைக்கு நகரும். நடுவே வெட்டவெளி விழுந்தால் தரையில் இறங்கி நாயின் வாயில் மாட்டும்.

நெருக்கமாக முளைத்த கம்புப் பயிரில் வேண்டாததை மட்டும் பிடுங்கிக் கலைப்பதுபோல் கலைத்து எடுப்பதே என் தேர்வு. முதல் ஆண்டில் நாட்டு மரங்களை நெருக்கி நிற்கும் சீமைக்கருவேலங்களை மட்டும் எடுக்க வேண்டும். பக்கத்து மரத்தோடு கிளை கோத்து, தேவாங்குக்குப் பாதையாக இருப்பதை, அங்கே உசிலை வளர்ந்து கிளை விரிக்கும்வரை விட்டுவைக்கலாம். தரையோடு வெட்டினால் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். அடிமரமும் வேரும் சேரும் இடத்தில்தான் மொட்டுகள் இருக்கின்றன. ஆகவே கடப்பாரையால் ஒரு சாண் ஆழம் பறித்து, அதற்கும் கீழே வெட்ட வேண்டும். சின்னக் கன்றுகளை மழை ஈரத்தில் கையாலேயே பிடுங்கிவிடலாம். வெட்டிய முள்ளை உசிலைக் கன்றைச் சுற்றிப் போட்டால் ஆடு நெருங்காது.

இதற்குப் பல ஆண்டுகள் ஆகும், கூலியும் கூடும். கரிமூட்டத்துக்கு விறகு எடுப்பவரிடம் மொத்தக் குத்தகைக்கு விட்டால், கனமான நாட்டு மரம்தான் முதலில் போகும். எடுக்க வேண்டிய மரத்தில் மட்டும் ஊராரே சுண்ணாம்புக் குறி வைத்து, நாள் கூலிக்கு ஆள் விட வேண்டும். சீமைக்கருவேலம் மட்டுமே மண்டிய ஓடைக்கரைக்கு ஜேசிபி வரட்டும். காட்டின் எல்லைக்கல்லைத் தாண்ட விடக்கூடாது.